அண்ணாந்து பார்க்க மட்டும் அனுமதி

அவிநாசிக்குப் பக்கத்துச் சேவூர்க் குளத்துக் கரையில் பட்டம் விடுகிற பையன், சட்டப்படி பார்த்தால், விமானம் இயக்கிக்கொண்டிருந்தான். கேலி இல்லை. விமானம் என்றால் என்னவென்று 1934ஆம் ஆண்டு விமானச் சட்டம் வரையறுத்தபோது பலூன், ஆகாயக் கப்பல், கிளைடர் ஆகியவற்றோடு பட்டத்தையும் சேர்த்துக்கொண்டது. வெள்ளைக்காரன் போனான், சட்டம் போகவில்லை. தொண்ணூறு வருஷம் கழித்து, 2025 ஜனவரி 1 முதல், அதன் நாற்காலியில் பாரதிய வாயுயான் அதினியம் வந்து உட்கார்ந்தது. பெயருக்கு நாடாளுமன்றத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த நாற்காலியின் பழைய குணத்துக்கு யாரும் பெரிதாக எதிர்ப்புக் காட்டவில்லை. குடிமகன் ஒருவன் மேலே போக ஆசைப்பட்டால் முதலில் அவனைச் சந்தேகப்படு என்பதே அந்தக் குணம்.

அப்படி ஆசைப்படும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். பெயர் வேண்டாம், முதலாளி என்றால் போதும். வீட்டுத் திண்ணையில் நாலு தையல் மிஷின் போட்டுப் பவர்டேபிள் நடத்தியவர். ஓவர்லாக், பேட்லாக், காஜா பட்டன் என்று படிப்படியாக ஏறி, இன்று கன்டெய்னர் கணக்கில் டி-சர்ட் அனுப்புகிறார். அவருடைய இங்கிலாந்து பையர் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வாயை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டம்மாவை ஏற்றிக்கொண்டு இரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தில் வேறோர் ஊருக்குப் பறந்துபோய், மதியம் அங்கே சாப்பிட்டுவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவாராம். ஹீத்ரோவைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளியை முந்தின இரவே வரைபடத்தில் பார்த்து ஒதுக்கி, நடுவில் கிடக்கிற சந்து வழியாக வழி போட்டுக்கொள்வாராம். “பர்மிஷன் யாருகிட்டங்க?” என்று முதலாளி கேட்க, “எதற்குப் பர்மிஷன்?” என்று பையர் திருப்பிக் கேட்டாராம்.

அன்று ராத்திரி முதலாளிக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பையர் போட்டுக்கொண்டு பறக்கிற பனியன் நம்முடையது. பறக்கிறவர் மட்டும் அவர். சேவூரிலிருந்து சேலம் நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டர் சொச்சம். போய் ஆளுக்கொரு தட்டுவடை செட் தின்றுவிட்டுத் திரும்பினால் என்ன? “நமக்கென்ன கொறச்சலுங்க?” என்கிறார்.

குறைச்சல் ஒன்றுமில்லை முதலாளி. எல்லாம் கூடுதல்தான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் தரை

பறக்க வேண்டுமென்றால் முதலில் தேவை தரை. அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமானத் தளங்கள் மட்டும் 5,000 அளவில் இருக்கின்றன. சொந்த விமானம், பயிற்சி விமானம், பொழுதுபோக்கு விமானம் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டிலும் தளம் இல்லாமல் இல்லை. இரண்டாம் உலகப் போருக்காக வெள்ளைக்காரன் அவசர அவசரமாகப் போட்ட ஓடுதளங்கள் உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு, கயத்தாறு, சோழவரம் என்று வரிசையாகக் கிடந்தன. போர் முடிந்து எண்பது வருஷம். சோழவரத்தில் கார்ப் பந்தயம் ஓடியது. மற்றவற்றில் அவ்வப்போது கோப்பு ஓடியது.

2017 ஏப்ரலில் சிம்லாவில், சின்ன ஊர்களுக்கும் விமானம் விடும் உடான் திட்டத்தின் முதல் விமானத்தை வழியனுப்பிய பிரதமர், ரப்பர் செருப்புப் போட்டவரும் விமானத்தில் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். நல்ல ஆசை. அந்தத் திட்டப் பட்டியலில் வேலூரும் நெய்வேலியும் ஏறின. வருஷக்கணக்கில் இரண்டு ஊரும் பட்டியலிலேயே பறந்துகொண்டிருந்தன. செருப்புதான் தேய்ந்தது. பக்கத்தில் கோவை விமான நிலையம் இருக்கிறதே என்பீர்கள். அதன் விரிவாக்கத்துக்கு அறுநூறு ஏக்கருக்கு மேல் நிலம் எடுக்கும் வேலை 2010இல் தொடங்கியது. நிலம் கொடுத்தவர் வீட்டுக் கைக்குழந்தை பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதும்வரை நீண்டது. அரசாங்கமே தனக்கு வேண்டிய தரையை இந்த லட்சணத்தில்தான் தேடுகிறது என்றால், குட்டி விமானத்துக்காரன் எந்த மூலைக்கு?

“நம்ம கடலக்காட்டுல அரைக் கிலோமீட்டர் நேராத்தானுங்க கெடக்குது, அங்கயே போட்டுக்கறேன்” என்கிறார் முதலாளி. தாராளமாக. அதற்குப் பாதுகாப்பு அமைச்சகம் தலையாட்ட வேண்டும், உள்துறை அமைச்சகம் தலையாட்ட வேண்டும், விமானத் துறை தலையாட்ட வேண்டும், மாவட்ட நிர்வாகம் தலையாட்ட வேண்டும். சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் நிலக்கடலை மூட்டை ஏலம் போக ஒரு பொழுது போதும். அதே கடலை விளைந்த காட்டில் ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்ப நாலு தலை ஆட வேண்டும். ஒரு தலை ஆடும்போது இன்னொரு தலைக்கு மாறுதல் உத்தரவு வந்திருக்கும்.

அப்புறம் தாள்

விமானம் ஓட்டத் தனி உரிமம் வேண்டும். குறைந்தது 40 மணி நேரப் பறப்பு, மருத்துவச் சான்று, வானிலை, வழிகாணல், விமானச் சட்டம் என்று தேர்வுகள். வானொலியில் பேச இன்னோர் உரிமம். அதை நேற்றுவரை தொலைத்தொடர்புத் துறையிடம் வாங்க வேண்டியிருந்தது; புதுச் சட்டம்தான் விமானத் துறைக்கு மாற்றியது. இந்த அத்தியாயத்தில் எனக்குச் சண்டை இல்லை. ஊர்த் தலைக்கு மேல் பறக்கிறவனுக்குப் படிப்பு வேண்டும். முதலாளி சேலம் விமான நிலையத்துப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து படித்துக்கொள்ளட்டும். தட்டுவடை செட்டுக்குக் காரில் போய்வந்த மாதிரியும் ஆகும்.

சண்டை எங்கே வருகிறதென்றால், படித்தவனையும் இந்தத் தாள் விடுவதில்லை. மும்பைக்காரர் அமோல் யாதவ், தொழில்முறை விமானி. காந்திவலியில் குடியிருப்புக் கட்டடத்து மொட்டை மாடியில் தம் கையால் ஆறு பேர் உட்காரும் விமானம் செய்தார். 2016இல் ‘மேக் இன் இந்தியா’ கண்காட்சியில் அதைக் கொண்டுவந்து நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டார்கள். பதிவு எண் மட்டும் வரவில்லை. வருஷக்கணக்கான இழுபறிக்குப் பிறகு, விஷயம் மேலிடம்வரை போய், 2017 நவம்பரில் பதிவாயிற்று. நன்றிக்கடனாக அவர் விமானத்துக்கு வாங்கிய எழுத்துகள் என்.எம்.டி. நரேந்திர மோடி, தேவேந்திர ஃபட்னாவிஸ். செய்தவர் மேல் எனக்குக் குறையில்லை. பாவம், நன்றி சொன்னார். ஒரு பொறியாளனின் பத்து விரல் செய்த வேலையைப் பதிவேட்டில் ஏற்ற ஒரு பிரதமரும் ஒரு முதலமைச்சரும் தேவைப்படுகிற நாட்டில், மிச்ச நூற்று நாற்பது கோடிப் பேர் எந்த மொட்டை மாடியில் எதைச் செய்து யார் பெயரை எழுதுவது?

இதைவிட யோகக்காரர் ஜியாகோமோ டி’ஆஞ்சலிஸ். மெட்ராஸில் ஓட்டல் நடத்திய கார்சிகாக்காரர். 1910இல் சிம்ப்சன் பட்டறையில் விமானம் செய்து பறந்து காட்டினார். அவர் யாரிடமும் கேட்கவில்லை. கேட்பதற்குச் சட்டமே பிறக்கவில்லை. இந்திய ஆகாயக் கப்பல் சட்டம் 1911இல்தான் வந்தது. ஒரு ஆள் பறந்த மறுவருஷமே சட்டம் வந்துவிட்டது. இந்த நாட்டில் வேகமாக நடந்த விமானப் பணி அது ஒன்றுதான்.

பிறகு வரைபடம்

சரி, தாளும் தரையும் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். முதலாளி சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரிக்கிறார். தெற்கே, முப்பது கிலோமீட்டருக்குள், சூலூர் விமானப்படைத் தளம். தேஜஸ் போர் விமானங்களின் வீடு. தென்மேற்கே, ஏறக்குறைய அதே தூரத்தில், கோவை விமான நிலையம். அதன் ஓடுதளம் தென்மேற்கு வடகிழக்காகப் படுத்திருப்பதால், வடகிழக்கிலிருந்து இறங்க வரும் பெரிய விமானங்கள் அவிநாசி வட்டாரத்து ஆகாயத்தில்தான் தாழ்ந்து நேர்க்கோடு பிடிக்கின்றன. அண்ணாந்து பார்க்கிற சேவூர்க்காரனுக்குச் சக்கரம் வெளியே வருவதுகூடத் தெரியும்.

விமான நிலையத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளியின் வடிவம் கோயில் தெப்பக்குளத்தைப் போன்றது. தரையை ஒட்டிய இடத்தில் குறுகல். மேலே போகப் போகப் படிப்படியாக அகலம். கீழ்ப்படிக்கு வெளியே, மேல்படிக்கு அடியில், தாழ்வாகப் பறந்து சுற்றிக்கொண்டு போக இடம் உண்டு. உலகத்துக் குட்டி விமானக்காரர்கள் எல்லோரும் அந்த இடத்தில்தான் உயிர் வாழ்கிறார்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அந்தக் கட்டுப்பாடற்ற வெளியில் பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துப் பறப்பவன் பயணத் திட்டம் கொடுக்கத் தேவையில்லை. யாரோடும் பேசக்கூடத் தேவையில்லை.

சூலூருக்கு வேலி எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒலிவேகத்தில் போகிற போர் விமானத்துக்கு முன்னால் முதலாளியும் தட்டுவடையும் குறுக்கே வந்தால் என்னாகும் என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. 2021 டிசம்பர் 8 அன்று முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத்தை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ஹெலிகாப்டர் இதே சூலூரிலிருந்துதான் கிளம்பிக் குன்னூர் மலையில் விழுந்தது. ஆகாயம் விளையாட்டில்லை என்று கொங்கு மண்ணுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். என் கேள்வி வேலிக்கு வெளியே உள்ள இடத்தைப் பற்றியது. நம் ஊர் விதிப்புத்தகத்திலும் கட்டுப்பாடற்ற வான்வெளி என்று ஒன்று உண்டு. அதில் பறக்கத்தான் அனுமதி வேண்டும்.

ஓடுதளத்தைச் சுற்றி உள்ளூர் வட்டம் அடிப்பதைத் தாண்டி வேறோர் ஊருக்குப் போவதென்றால் பயணத் திட்டம் முன்கூட்டியே போக வேண்டும். விமானப்படையின் பிரிவு அதைப் பார்த்து வான் பாதுகாப்பு அனுமதி எண் தர வேண்டும். எண் இல்லாமல் கிளம்பினால் நீங்கள் பறக்கும் குடிமகன் அல்ல, அடையாளம் தெரியாத பொருள். எண்ணும் மணிக்கணக்கில்தான் உயிரோடு இருக்கும். தாமதமானால் புதுசு வாங்க வேண்டும். கண்ணால் பார்த்துப் பறப்பவர் 15,000 அடிக்கு மேல் ஏறக்கூடாது, இருட்டுக்குள் இறங்கிவிட வேண்டும். இது நியாயம். நியாயமில்லாதது, நூறு கிலோமீட்டர் ஞாயிற்றுக்கிழமைப் பயணத்துக்கும் எல்லை தாண்டி வரும் எதிரிக்கும் ஒரே வாசல் வைத்திருப்பது.

2020 மே மாதம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமனே சொன்னார்: இந்திய வான்வெளியில் 60 விழுக்காடுதான் தங்குதடையின்றிக் கிடைக்கிறது, கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் விமானத் துறைக்கு வருஷத்துக்கு 1,000 கோடி ரூபாய் மிச்சமாகும். ஆக, வானத்தில் நாற்பது பங்கு பூட்டிக் கிடக்கிறது என்று அரசாங்கத்துக்கே தெரியும். பூட்டைத் திறக்க எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போடவும் தெரியும். அந்தக் கணக்கில் டிக்கெட் விற்கிற கம்பெனி வந்தது. டிக்கெட் இல்லாமல் சொந்தமாகப் பறக்க நினைக்கிறவன் வரவில்லை. அவனால் யாருக்கு என்ன மிச்சம்?

கோடு போடுகிறவர் கை

கோட்டைத் தள்ளிப் போட முடியாதா? முடியும். 2021 ஆகஸ்டில் ட்ரோன் விதிகள் வந்தபோது, விமான நிலையத்தைச் சுற்றிய மஞ்சள் மண்டலத்தை 45 கிலோமீட்டரிலிருந்து 12 கிலோமீட்டராகச் சுருக்கினார்கள். 45 என்றிருந்தபோது கோவைக் கணக்கில் சேவூர் வட்டத்துக்கு உள்ளே. 12 ஆனதும் வெளியே. தென்னை மரமும் அங்கேயே நின்றது, வானமும் அங்கேயே நின்றது. நேற்று ஆபத்தாக இருந்த காற்று இன்று ஒரு அரசாணையில் சாதுவாகிவிட்டது. ட்ரோன் வியாபாரத்துக்கு வாசல் திறக்க வேண்டியிருந்தது, திறந்தார்கள். அதில் தப்பில்லை. ஆனால் பாதுகாப்பு என்பது கல்லில் செதுக்கிய கோடு என்று இனிமேல் எங்களிடம் சொல்லாதீர்கள். அது பென்சில் கோடு. அழிக்கிற ரப்பர் யாரிடம் இருக்கிறது என்பதுதான் விஷயம்.

அந்த ரப்பரை நாங்கள் நேரில் பார்த்திருக்கிறோம். தேர்தல் வந்தால் கல்லூரி மைதானத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஹெலிபேட் முளைக்கிறது. புழுதி அடங்கத் தண்ணீர் லாரி வருகிறது. அக்கம்பக்கத்துப் பையன்கள் மதில்மேல் ஏறி நிற்கிறார்கள். தலைவர் இறங்குகிறார், நாலு வாக்கியம் பேசுகிறார், ஏறுகிறார். பெருமாநல்லூருக்கும் பல்லடம் மாதப்பூருக்கும் பிரதமர் வந்த நாள்களில் வானமும் சாலையும் சேர்ந்து ஒதுங்கி நின்றன. அந்த நாலு தலைகள் ஒரே நாளில் ஆடின. அப்படியானால் தலைகளுக்குக் கழுத்து வலி ஒன்றும் கிடையாது. ஆட்டுவிக்கிற ஆளைப் பார்த்துத்தான் ஆடுகின்றன.

மீதி நாளில் சட்டம் எங்கே? அவிநாசி, சேவூர் வட்டாரத்து எந்தக் கல்யாண மண்டபத்திலும் போய்ப் பாருங்கள். மாப்பிள்ளை தாலியெடுக்கும் நேரத்தில் அவர் தலைக்கு மூன்றடி மேலே ட்ரோன் ரீங்காரமிடும். ஓட்டுகிற தம்பியிடம் சான்றிதழைக் கேட்டவர் கிடையாது. அமைச்சர் கல்யாணத்துக்கு வருகிறார் என்றால் மட்டும் “ட்ரோனை இறக்கு” என்று போலீஸ் ஓடிவரும். மணமகள் தலையில் விழுந்தால் விபத்து; அமைச்சர் தலைக்கு மேல் பறந்தால் குற்றம்.

காற்றுக்கு மட்டும் இந்த நாட்டில் விதிவிலக்கு உண்டு. 2025 பொங்கலையொட்டிப் பொள்ளாச்சிப் பலூன் திருவிழாவில் கிளம்பிய பலூன், காற்று இழுத்த இழுப்பில் மாநில எல்லை தாண்டிப் பாலக்காட்டு வயலில் போய் உட்கார்ந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வயல்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். தேசம் கவிழவில்லை. காற்று எண் வாங்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

கடைசியில் ஒருநாள் பறந்தாயிற்று

அதிசயம் நடந்து முதலாளிக்கு எண் கிடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். நேர்வழி கிடையாது, கிழக்கே சுற்றிக்கொண்டு, ஊத்துக்குளி, சென்னிமலை, ஈரோடு வழியாகச் சேலம் போகச் சொல்லியிருக்கிறார்கள். ஆயிரத்தைந்நூறு அடி உயரம். பக்கத்தில் வீட்டம்மா, சென்னிமலைப் பக்கத்தில் நொய்யல் கரையில் பிறந்தவர்.

“ஏனுங்க, இந்தக் குளத்துல தண்ணி கெடக்குது, அந்தக் குளம் காஞ்சு கெடக்குதே?”

“அத்திக்கடவுத் தண்ணி புள்ள. ஆயிரத்து நாப்பத்தஞ்சு கொளத்துக்குன்னு சொன்னாங்க.”

பெரியவர்கள் தலைமுறையாகக் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்த 1,916 கோடி ரூபாய்த் திட்டம். எந்தக் குளத்துக்குத் தண்ணீர் வந்தது, எதற்கு வரவில்லை என்று மேலேயிருந்து ஒரே பார்வையில் எண்ணிவிடலாம். ஆட்சி மாறினால் எண்ணிக்கை மாறாது. அதனால்தானோ என்னவோ, எண்ணக்கூடிய உயரத்துக்கு யாரையும் விடுவதில்லை.

“அதென்னுங்க, தோட்டத்துக்கு நடுவால அத்தத்தண்டிக் கோபுரம்?”

உயரழுத்த மின்கோபுரம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூருக்கு மின்சாரம் வர, அங்கிருந்து கொங்கு நாடெங்கும் பிரிய, விவசாயி நிலத்தின் மேல் கம்பி இழுத்தார்கள். 2018இல் திருப்பூர், ஈரோட்டு விவசாயிகள் உண்ணாவிரதம் இருந்தார்கள். கேபிளைப் பூமிக்கடியில் கொண்டுபோ, இல்லையென்றால் வாடகை கொடு என்றார்கள். நிலத்துக்குள் நுழைய அரசாங்கம் காட்டிய அதிகாரம் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்து அதிகாரம். தந்தி 2013 ஜூலையிலேயே செத்துப்போயிற்று. செத்த தந்தியின் ஆவி வந்து ஐந்து வருஷம் கழித்துத் தென்னந்தோப்பில் கோபுரம் நட்டது. குடிமகன் தன் தோட்டத்துக்கு மேல் ஆயிரம் அடியில் பறக்க அமைச்சகம் அமைச்சகமாக ஏற வேண்டும். அவன் தோட்டத்துக்கு மேல் நூறு அடியில் நாலு லட்சம் வோல்ட் போக அவனைக் கேட்கவே வேண்டாம். மேலே உள்ள காற்று யாருடையது என்று இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

இன்னும் கொஞ்சம் கிழக்கே போனதும் வீட்டம்மா பேச்சை நிறுத்திவிட்டார். கீழே ஒரத்துப்பாளையம் அணை. 1992இல் பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டியது. திருப்பூர்ச் சாயக் கழிவு வந்து தேங்கித் தேங்கி, தயவுசெய்து தண்ணீரைத் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கையெடுத்துக் கும்பிட்ட அணை. பாசன அணையில் தண்ணீர் வேண்டாமென்று விவசாயியைக் கதறவைத்த பெருமை உலகத்தில் வேறெந்த ஊருக்கு உண்டு?

“எங்கப்பன் கெணறு அந்தப் பக்கந்தானுங்க இருந்துச்சு” என்றார் கடைசியாக. “மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கும்.”

முதலாளி பதில் சொல்லவில்லை. அந்தத் தண்ணீர் எந்த வருஷம் என்ன நிறத்தில் ஓடியது, அது எந்த சீசன் ஆர்டர், எந்தப் பையருக்குப் போன சரக்கு என்று அந்த விமானத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பறக்கிற பையர், அந்த நிறத்தைப் போட்டுக்கொண்டுதான் பறந்தார்.

இப்போது கணக்கைப் பார்ப்போம்

2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழாத ஏற்பாடு வந்த பிறகுதான் திறக்கலாம் என்றது. அதற்கு முன்னால் எத்தனை வருஷம்? அணை கட்டி நிரம்பி நஞ்சாகி ஊர்கள் காலியாகும்வரை அரசாங்கம் என்ன செய்துகொண்டிருந்தது? விமான நிலைய வேலியிலிருந்து எட்டாவது கிலோமீட்டர் எது, பன்னிரண்டாவது கிலோமீட்டர் எது என்று ஆகாயத்தில் அளந்து வட்டம் போடத் தெரிந்தவர்களுக்கு, ராத்திரியில் எந்தக் குழாய் ஆற்றில் திறக்கிறது என்று தரையில் கண்டுபிடிக்கத் தெரியவில்லையா? குட்டி விமானம் ஒன்று நூறு அடி கூடுதலாக ஏறினால் திரையில் புள்ளி தெரிகிற நாட்டில், ஒரு ஆறு முழுசாக ஊதாவாக மாறியபோது எந்தத் திரையிலும் ஒன்றும் தெரியவில்லையா? நீதிமன்றம் சொன்ன பிறகு பட்டறைகள் கோடி கோடியாகக் கொட்டி எந்திரம் வைத்தன. நல்லது. இன்றும் ஒரு நல்ல மழை பெய்தால் நொய்யலில் நுரை பொங்கிப் பாலத்தைத் தொடுகிற படம் பத்திரிகையில் வருகிறது. மறுநாள் “ஆய்வுக்கு மாதிரி எடுக்கப்பட்டது” என்ற செய்தி வருகிறது. மூன்றாம் நாள் நுரை அடங்கிவிடுகிறது, செய்தியும் அடங்கிவிடுகிறது.

இந்த அரசாங்கத்துக்குத் திறமை இல்லை என்று இனிமேல் யாரும் சொல்லாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத காற்றில் கண்ணுக்குத் தெரியாத கோட்டைப் போட்டு, அதைத் தாண்டுகிறவனைச் சிறைக்கு அனுப்பச் சட்டம் வைத்திருக்கிறது. திறமை நிறைய இருக்கிறது. எதை நோக்கி அது திரும்புகிறது என்பதில்தான் கோளாறு. பறக்க ஆசைப்படுகிற ஒருவன்மேல் அது ஓடிப்போய் விழுகிறது. பறிக்க ஆசைப்படுகிற ஆயிரம் பேரைக் கண்டால் வழிவிட்டு நிற்கிறது.

கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சூலூரும் கோவையும் எந்த உயரத்தில் எந்த எல்லைவரை என்று தமிழில் ஒரு தெளிவான படம் போட்டு ஊருக்கு ஊர் வெளியிடுங்கள். அந்த எல்லைக்கு வெளியே, பகலில், தாழ்வாகப் பறப்பவனை முன்னறிவிப்பு மட்டும் கொடுக்கச் சொல்லி விடுங்கள். அனுமதி மறுத்தால் யார் மறுத்தார், ஏன் மறுத்தார் என்று எழுத்தில் கொடுங்கள். யாருக்காக எந்த நாளில் எந்தக் கோடு அழிக்கப்பட்டது என்ற பட்டியலையும் வருஷத்துக்கொரு முறை மக்கள் முன் வையுங்கள். படம் போடக் காகிதம் போதும். பட்டியல் போடத்தான் முதுகெலும்பு வேண்டும்.

அந்தப் பட்டியல் வராது என்று தெரியும். வந்தால் அடுத்து ஒரு கேள்வி எழும். சேவூரிலிருந்து சேலத்துக்கு ஞாயிற்றுக்கிழமை தட்டுவடை தின்னப் போகிறவன் பாதுகாப்பு எண் வாங்க வேண்டும் என்கிறீர்கள், வாங்கிக்கொள்கிறோம். திருப்பூரிலிருந்து ஒரத்துப்பாளையம்வரை இருபது வருஷம் தடையில்லாமல் பயணம் செய்த சாயக் கழிவு எந்த அலுவலகத்தில், யார் கையெழுத்தில், எந்த எண் வாங்கியது? முதலில் அந்த எண்ணைச் சொல்லுங்கள். அப்புறம் எங்கள் எண்ணைக் கேளுங்கள்.